சின்ன விளக்குதானே என்று விடாதீர்கள்!

"கிறீச்...!"

எங்கள் காருக்குப் பின்னால் ஒரு லாரி பிரேக் போட்டு நின்றது. டயர் தேய்ந்த சத்தம் வயல்வெளி எங்கும் கேட்டது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் திடுக்கிட்டு விழித்தாள். லாரிக்கும் எங்கள் காருக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி நிற்கக்கூட இடம் இல்லை.

மன்னார்குடியில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு தஞ்சைக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். காரில் என் அம்மா, மனைவி, மகள், நான். இரவு மணி பத்து. வடுவூரைத் தாண்டிச் சிறிது தூரம் வந்திருப்போம்.

அது தை மாதம். சம்பா அறுவடை நேரம். பனி, புகை போல இறங்கியிருந்தது. சாலையில் ஓர் ஓரமாக நெல்லைக் காயவைத்து, ராத்திரிக்குக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தார்ப்பாய் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கற்கள். அதைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. வண்டி மெதுவானது. அவ்வளவுதான்.

அதற்குள் லாரி வந்துவிட்டது!

லாரி டிரைவர் கீழே இறங்கி வந்தார். கோபமாகத்தான் வந்தார். உள்ளே அம்மாவையும் குழந்தையையும் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"ஏன் சார், காருக்குப் பின்னாடி விளக்கே இல்லையே! எதிரே வந்த பஸ் வெளிச்சத்திலே எனக்குக் கண்ணு கூசிப்போச்சு. கிட்ட வந்தப்புறம்தான் கார் நிக்கிறதே தெரியுது. பெரியவங்களையும் குழந்தையையும் வச்சுக்கிட்டு இப்படி வரலாமா?"

நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு சிவப்பு விளக்குகளும் அணைந்து கிடந்தன. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சிறு விளக்கும் எரியவில்லை. முன் விளக்குகள் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தன!

அந்த டிரைவர் நல்ல மனிதர். "நீங்க முன்னால மெதுவாப் போங்க சார். நான் பின்னாலேயே விளக்கு போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார். தஞ்சை வரையில் எங்களுக்குக் காவலாக வந்தார். ஊருக்குள் வந்ததும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, அவர் வழியில் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

"மீட்டர் இருட்டா இருக்கு, அதை என்னன்னு பாருடான்னு மூணு மாசமாச் சொன்னேனே!"

மூன்று மாத அலட்சியம்

அம்மா சொன்னது உண்மை. எங்கள் கார் பழைய கார். அப்பா காலத்து வண்டி. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள் இரவு, டிரைவருக்கு எதிரே இருக்கும் மீட்டர் பலகை இருட்டாகிவிட்டது. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று தெரியாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. என்ஜின் சூடாகிறதா என்று தெரியாது.

ஒரு பட்டறையில் கேட்டேன். "அது அழகுக்கு இருக்கிற விளக்கு சார். வண்டிதான் ஓடுதே! அடுத்த தடவை ஆயில் மாத்த வர்றப்போ பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

எந்தக் கம்பெனி கார் என்று கேட்காதீர்கள். கம்பெனி மீது குற்றம் இல்லை. பல ஆண்டுகள் எரிந்த விளக்கு ஒரு நாள் அணையத்தான் செய்யும். அணைந்ததைப் பார்த்தும் சும்மா இருந்தது என் குற்றம்.

என்னைப்போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பகலில் ஓட்டும்போது மீட்டர் விளக்கு தேவையில்லை. இரவில் தேவைப்படும். காலையில் மறந்துவிடும். இப்படியே நாட்கள் ஓடும்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: மீட்டர் விளக்கு அணைந்தால், அன்றைக்கே காரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்!

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மீட்டர் விளக்கு இருப்பது முன்னால். சிவப்பு விளக்கு இருப்பது பின்னால். ஒன்று அணைந்தால் மற்றது ஏன் அணைய வேண்டும்?

மறுநாள் காலையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். கார் ஒயரிங் வேலையிலேயே தலை நரைத்தவர். அவரிடம் இதைத்தான் கேட்டேன்.

"தம்பி, ஒரே மதகில் இருந்து இரண்டு வாய்க்கால் பிரியுது. மதகு அடைபட்டா எந்த வாய்க்காலில் தண்ணி வரும்?" என்று கேட்டார்.

"இரண்டிலும் வராது" என்றேன்.

"அதேதான் இதுவும்!" என்றார்.

பழைய கார்கள் பலவற்றில் இப்படித்தான் கம்பி போட்டிருப்பார்கள். விளக்கு சுவிட்சை முதல் கட்டத்துக்குத் திருப்பினால், மின்சாரம் ஒரு பியூஸ் வழியாகப் போகும். அங்கிருந்து பிரிந்து, ஒரு பக்கம் பின் விளக்குகளுக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் போகும். இன்னொரு பக்கம் மீட்டர் விளக்குகளுக்குப் போகும். முன்னால் இருக்கும் பெரிய விளக்குகளுக்குத் தனிப் பாதை. பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்குக்கும் தனிப் பாதை.

எங்கள் காரில் நடந்தது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பொதுவான பியூஸ் போய்விட்டது. மீட்டர் இருண்டது. அதே நொடியில் பின் விளக்கும் இருண்டது. முன் விளக்கு எரிந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஊருக்குள் அடிக்கடி பிரேக் மிதிப்பதால் பிரேக் விளக்கு எரிந்தது. பின்னால் வந்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியூர்ச் சாலையில், பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது!

எல்லாக் கார்களிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சில கார்களில் இடப் பக்கத்துக்கு ஒரு பியூஸ், வலப் பக்கத்துக்கு ஒரு பியூஸ் இருக்கும். சில கார்களில் மீட்டர் பல்பு மட்டும் போயிருக்கும். பின் விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் உங்கள் காரில் எது என்று பார்த்தால்தானே தெரியும்? டிரைவர் தன் சீட்டில் இருந்தபடி காரின் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. மீட்டர் விளக்குதான் அவருக்குச் சேதி சொல்லும் தூதன்.

எலி செய்த வேலை

எலக்ட்ரீஷியன் பியூஸ் பெட்டியைத் திறந்தார். பியூஸ் கருகியிருந்தது. புதிய பியூஸ் போட்டார். சுவிட்சைத் திருப்பினார். "பட்" என்று அதுவும் போய்விட்டது!

அவர் சிரித்தார். "பியூஸ் போனது நோய் இல்லே தம்பி. நோயின் அடையாளம். நோய் வேறே எங்கேயோ இருக்கு" என்றார்.

அவசரப்படும் ஆளாக இருந்தால் என்ன செய்திருப்பார்? சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி பியூஸ் இருக்கும் இடத்தில் வைத்திருப்பார். அல்லது ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பார். விளக்கும் எரிந்திருக்கும். கூடவே ஒயரும் எரிந்திருக்கும்! பியூஸ் என்பது தன் உயிரைக் கொடுத்துக் காரைக் காப்பாற்றும் காவல்காரன். காவல்காரனைக் கொன்றுவிட்டு, திருடன் வரவில்லை என்று நினைப்பது முட்டாள்தனம்.

பெரியவர் பின்பக்கம் போனார். டிக்கிக்குள் தலையை விட்டார். ஐந்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பின் விளக்குக்குப் போகும் ஒயரின் மேல் தோலை எலி கடித்திருந்தது. உள்ளே இருந்த செம்பு வெளியே வந்து, காரின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நெல் விளையும் ஊரில் எலிக்குப் பஞ்சமா? விதை நெல் மூட்டையை டிக்கியில் போட்டு ஊருக்கும் வயலுக்கும் அலைந்தேன். சிந்திய நெல்லைக் கூட்டவில்லை. எலி வந்தது, நெல்லைத் தின்றது, பிறகு ஒயரைப் பதம் பார்த்தது. வேறு கார்களில் இந்தக் கோளாறு டிக்கி மூடியில் வரும். மூடியைத் திறந்து திறந்து மூடுவதால், அந்த மடிப்பில் ஒயர் தேய்ந்துபோகும். பின் விளக்கின் ஹோல்டரில் மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தாலும் இதே கதிதான்.

பெரியவர் அறுந்த இடத்தைச் சேர்த்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். புதிய பியூஸ் போட்டார். பின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மீட்டர் பலகையும் விழித்துக்கொண்டது.

மேட்டூர் கணக்கு

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மீட்டரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் எதைத் தேடுவார்கள்? மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதைத்தான். அணை நிறைந்தால் 120 அடி. குறுவைக்காக ஜூன் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். அன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது? வரத்து எவ்வளவு? இதைப் பார்க்காமல் யாராவது நாற்று விடுவார்களா?

எங்கோ மேட்டூரில் இருக்கும் தண்ணீரை ஒரு எண்ணை வைத்து நாம் தெரிந்துகொள்கிறோம். அதேபோல, காருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பெட்ரோலையும் சூட்டையும் வேகத்தையும் மீட்டர் காட்டுகிறது. அணையின் அளவைத் தினம் பார்க்கும் நாம், கையருகே இருக்கும் அளவை இருட்டில் விடலாமா?

செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும். ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர். இரண்டு நொடி குனிந்து மீட்டரைப் பார்த்தால், கார் 33 மீட்டர் குருட்டுத்தனமாக ஓடியிருக்கும்!

நம் பக்கத்துச் சாலைகளோ ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளைந்து வளைந்து போகின்றன. விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் போகும். அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு வரும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்கள் இரவிலும் சாரி சாரியாக நடப்பார்கள். 33 மீட்டருக்குள் என்னதான் இருக்காது?

எரியாத சிவப்பு விளக்கு

மீட்டர் பலகையில் இரண்டு வகை விளக்குகள் உண்டு. ஒன்று, முள்ளுக்கும் எண்ணுக்கும் வெளிச்சம் தருவது. இதுவரை சொன்னது அதைப் பற்றி. இன்னொன்று, ஆபத்து வந்தால் எரியும் சிவப்பு விளக்கு. எண்ணெய்க்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று.

இந்தச் சிவப்பு விளக்குகளைப் பற்றி நம் மக்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "சிவப்பு விளக்கு எரியவே இல்லை. அப்படியானால் கார் நன்றாக இருக்கிறது" என்று நினைக்கிறார்கள். விளக்கு எரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆபத்து இல்லாமல் இருக்கலாம். அல்லது, பல்பே செத்துப்போயிருக்கலாம்!

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாவியைத் திருப்புங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்போது இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். எரிந்து அணைந்தால் நல்லது. முதலிலேயே எரியாவிட்டால், அது பல்பு, ஒயர் அல்லது சுவிட்சின் கோளாறு. எங்கள் காரில் பேட்டரி விளக்கு எரியவில்லை. எத்தனை நாளாக எரியவில்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

எண்ணெய் விளக்கு எதற்கு? என்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் அது எரியும். ஓடும்போது அது எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி, உடனே என்ஜினை அணைக்க வேண்டும். ஆயில் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசினால் சில நிமிடங்களில் பேரிங் உருகிவிடும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். பல்பின் விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. என்ஜின் வேலைக்கு ஆகும் செலவு, ஒரு போக நெல் விற்ற காசு!

பேட்டரி விளக்கு எதற்கு? பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று சொல்வதற்கு. பேன் பெல்ட் அறுந்தாலும் அது எரியும். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அதனால் என்ஜின் கொதித்துவிடும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மிகப் பழைய கார்களில் டைனமோ இருந்தது. பிறகு ஆல்டர்நேட்டர் வந்தது. பல ஆல்டர்நேட்டர்களுக்கு முதல் மின்சாரம் இந்தச் சிவப்புப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பம்பு செட்டில் முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தானே தண்ணீரை இழுக்கும்? அதுபோலத்தான். பல்பு செத்தால், ஆல்டர்நேட்டர் நன்றாக இருந்தும் பேட்டரி ஏறாமல் போகலாம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிது வாங்கிப் போடுவார்கள். அதுவும் தீர்ந்துவிடும். திருடன் பேட்டரியில் இல்லை; ஒரு சின்னப் பல்பில் ஒளிந்திருப்பான்!

மாற்றுவது எப்படி?

பெரியவர் மீட்டர் பல்புகளை மாற்றியபோது பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் போகலாம். ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சில கார்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். குழந்தைகள் விளையாட்டாக அதைத் திருப்பிவிட்டால் மீட்டர் இருட்டாகிவிடும். அதைத் திருப்பிப் பாருங்கள். செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும்!

அது இல்லை என்றால் பியூஸைப் பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்து, பின் விளக்கும் எரிந்தால், கோளாறு பல்பிலோ ஹோல்டரிலோ இருக்கிறது. எல்லா மீட்டர் விளக்கும் ஒரே நாளில் அணைந்தால் பியூஸ், திருகு, எர்த் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். ஒரு மூலை மட்டும் இருண்டால் பல்பைச் சந்தேகப்படுங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மீட்டருக்குப் பின்னால் ஒயர்கள் பின்னிக் கிடக்கும். ஸ்பேனர் தவறி ஓர் இடத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

பிறகு மீட்டரின் பின்பக்கம் போக வேண்டும். சில கார்களில் அடியில் இருந்து கையை விட்டாலே எட்டும். சில கார்களில் மீட்டரை வெளியே இழுக்க வேண்டும். ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் கியர் பெட்டியில் இருந்து வரும் கேபிள் ஒன்று திருகியிருக்கும். அதைக் கழற்றாமல் மீட்டரை இழுத்தால் கேபிள் மடங்கிவிடும். அப்புறம் விளக்கு எரியும், முள் ஆடாது!

பல்பு ஒரு சின்ன ஹோல்டரில் இருக்கும். ஹோல்டரைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழைய ஒயர் அப்பளம் போல நொறுங்கும். ஒவ்வொரு ஒயரும் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய பல்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில பல்பு திருகு வகை. சில பல்பு அழுத்தித் திருப்பும் வகை. சில பல்பு உலோக மூடி இல்லாமல் கண்ணாடி அடியோடு இருக்கும். வாட்ஸ் எவ்வளவு என்று பல்பிலேயே பொறித்திருக்கும். அதே வாட்ஸ்தான் வாங்க வேண்டும். வெளிச்சம் அதிகமாக வரட்டும் என்று பெரிய பல்பு போட்டால், சூட்டில் ஹோல்டர் உருகும். மீட்டரின் முகம் கருகும். எதிரே இருக்கும் சாலையும் மங்கலாகத் தெரியும். மீட்டர் விளக்கு, திண்ணை விளக்கு போல மெல்லியதாக இருந்தால் போதும்.

புதுப் பல்பு போடும் முன் ஹோல்டரின் உள்ளே உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பச்சைப் பாசி பிடித்த ஹோல்டரில் புதுப் பல்பும் எரியாது. ஒன்று போயிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரே வயதுப் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் மீட்டரைக் கழற்ற முடியுமா?

எல்.இ.டி. போடலாமா?

இப்போது எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. சூடு குறைவு, மின்சாரமும் குறைவு, நீண்ட நாள் உழைக்கும். மீட்டருக்கு வெளிச்சம் தரும் இடத்தில் தாராளமாகப் போடலாம். போட்டும் எரியாவிட்டால், திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்.இ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு உள்ள கார்களில், அந்தத் திருகு அதற்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

ஆனால் பேட்டரியின் சிவப்பு விளக்கில் மட்டும் எல்.இ.டி. வேண்டாம். ஆல்டர்நேட்டரைத் தூண்டும் அளவுக்கு அதன் வழியாக மின்சாரம் போகாது. அந்த இடத்தில் பழைய பல்புதான் ராஜா!

பழைய கார் என்றால் இளப்பமா?

"பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். எல்லோராலும் முடியுமா?

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றிப் பிறந்தது அம்பாசடர். 1950-களின் பிற்பகுதியில் இருந்து 2014-ம் ஆண்டு மே மாதம் வரை, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் உற்பத்தியானது. பம்பாய் குர்லாவில் இருந்து பியட் வந்தது. 1974-ல் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். 1961-ல் சென்னையில் இருந்தே ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இவை எல்லாம் இன்று உற்பத்தியில் இல்லை. ஆனாலும் தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் பக்கத்து வீடுகளில் அப்பா வாங்கிய கார், தாத்தா வாங்கிய கார் என்று இன்னும் பாதுகாக்கிறார்கள். சாமான் கிடைக்காது என்ற கவலையும் வேண்டாம். பழைய வண்டிச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை பேர்போன இடம். சின்னப் பல்பு உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும்.

டாஷ்போர்டு என்ற பெயரே குதிரை வண்டிக் காலத்துப் பெயர். குதிரையின் குளம்பு வாரி இறைக்கும் சேறு, வண்டியில் இருப்பவர் மீது படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதுதான் டாஷ்போர்டு. குதிரை போனது; பலகை நின்றது. அன்று சேற்றைத் தடுத்தது. இன்று ஆபத்தைத் தடுக்கிறது.

"நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன். என்ஜின் சத்தத்திலேயே எனக்கு வேகம் தெரியும்" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. தெரியலாம். ஆனால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் கார் தெரியுமா? அதுவல்லவா கேள்வி!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரில் வேகம் காட்டும் மீட்டர் இருக்க வேண்டும். இரவில் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரிகள் சாவியைத் திருப்பி, சிவப்பு விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டறைக்காரர்களும் "அழகு விளக்கு" என்று சொல்வதை விட்டுவிட வேண்டும். மீட்டர் இருட்டு என்று ஒருவர் வந்தால், முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்குக் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

சட்டமும் அதிகாரியும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் பார்ப்பார்கள். நடுவில் பார்க்க வேண்டியது நாம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, இருட்டும் நேரத்தில் காரை வாசலில் நிறுத்துவோம். நான் டிரைவர் சீட்டில் உட்காருவேன். மகள் பின்னால் நிற்பாள்.

சாவியைத் திருப்புவேன். இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிகின்றனவா? ஸ்டார்ட் செய்ததும் அணைகின்றனவா? பிறகு விளக்கு சுவிட்சைப் போடுவேன். மீட்டர் எரிகிறதா? "அப்பா, பின்னாடி ரெண்டும் எரியுது! நம்பர் பிளேட்டும் எரியுது!" என்று மகள் குரல் கொடுப்பாள். பிரேக்கை மிதிப்பேன். "இப்ப பெரிசா எரியுது!" என்பாள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வீட்டில் துணைக்கு ஆள் இல்லையா? கவலை வேண்டாம். இருட்டிய பிறகு காரின் பின்பக்கத்தை ஒரு சுவருக்கு அருகே நிறுத்தி, விளக்கைப் போடுங்கள். கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு வெளிச்சம் விழுந்தால் சரி.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். டிரெய்லருக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. கூடவே, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர். பெரிய செலவு இல்லை. நெல்லும் வீடு வந்து சேரும். ஆளும் வீடு வந்து சேருவார்.

அன்றைக்கு அந்த லாரியின் பிரேக் பிடித்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லா லாரியின் பிரேக்கும் எல்லா நாளும் பிடிக்குமா?

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான். பொழுது சாயட்டும். சாவியை எடுங்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள். பின்னால் போய் நிற்கச் சொல்லுங்கள்.